சுபாக்: பாலித் தீவின் பாசன முறை

இந்தோனேசியாவின் பாலித் தீவில், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பெறும் வயல்காரர்கள் கூடி நடத்தும் பாசன அமைப்பு சுபாக். பதினோராம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இது குறிப்பிடப்படுகிறது. உறுப்பினரின் ஊரும் சாதியும் இதில் கணக்கில் வருவதில்லை. வயலுக்கு எந்த வாய்க்கால் பாய்கிறதோ அந்தச் சுபாக்கைச் சேர்ந்தவர் அவர். பருவமழை பெய்யும் ஆசியாவின் வாழ்க்கையை மழையே வகுத்தது என்று சொல்வதுண்டு. ஆனால் மழை தண்ணீரைத்தான் தரும். அதைப் பங்கிடும் முறையை மக்கள்தான் உண்டாக்க வேண்டும் என்பதற்குப் பாலியே சான்று. பெரும் பாசனத்துக்குக் கொடுங்கோல் அரசு தேவை என்று வரலாற்றாளர் கார்ல் விட்ஃபோகல் 1957இல் வாதிட்டார். பாலி மன்னர்கள் பாசனத்துக்கு ஆதரவு தந்ததும் வரி வாங்கியதும் உண்மையே. ஆனால், அன்றாடப் பங்கீடு வயல்காரர்கள் கையில்தான் இருந்தது. வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையில் வெட்டிய பள்ளங்களின் அகலமே ஒவ்வொருவர் பங்கையும் தீர்மானித்தது. பங்கு சரியா என்று யாரும் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இதைவிட நேர்மையான அளவுகோல் அரிது.

மேட்டு வயல்காரர் கீழே இருப்பவருக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்? காரணம் பூச்சி. அக்கம்பக்கத்து வயல்களெல்லாம் ஒரே சமயத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால் புகையான் பூச்சிக்கு இரை இல்லாமல் போகும். ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால் தண்ணீர் போதாது; ஆளுக்கொரு நாளில் நட்டால் பூச்சி பெருகும். எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நடுவது என்பதை உறுப்பினர்கள் நீர்க் கோயில்களில் கூடி முடிவுசெய்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் தலைமையானது, ஏரித் தெய்வம் தேவி டானுவுக்குரிய பாத்தூர் கோயில். கோயிலும் பூசையும் வெறும் சடங்கு என்பாருக்கு 1970களே பதில் சொல்லின. பசுமைப் புரட்சியின் பெயரில் கோயில் அட்டவணையை விட்டு இடைவிடாமல் நெல் நடச் சொன்னார்கள். புகையானும் துங்ரோ நோயும் விளைச்சலை அழித்தன. மானிடவியலாளர் ஸ்டீவன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் ஆகியோரின் கணினி மாதிரியில், ஒவ்வொரு சுபாக்கும் நன்றாக விளைந்த பக்கத்துச் சுபாக்கைப் பார்த்துத் தன் நடவை மாற்றிக்கொண்டது. அதிலிருந்து கோயில் வலைப்பின்னலை ஒத்த ஒழுங்கே உருவானது. அப்படியானால் சுயநலமே போதுமே, பக்தி எதற்கு என்று கேட்கலாம். வறண்ட ஆண்டில் கீழ்மடைக்காரர் அண்டை வீட்டுக்காரரின் சொல்லை மட்டும் நம்பித் தம் நடவைத் தள்ளிப்போட மாட்டார். எல்லோரும் தெய்வத்தின் முன் ஏற்ற முடிவு என்றால் காத்திருப்பார். சுயநலம் காட்டிய வழியில் எல்லோரையும் சேர்ந்து நடக்கவைத்தது அந்த நம்பிக்கை.

யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் தென் பாலியில் நெல்வயல்கள் விடுதிகளாக மாறிவருகின்றன. சுற்றுலாத் தொழிலும் அதே தண்ணீருக்குப் போட்டியிடுகிறது. ஜாத்திலுவி ஊரின் படிக்கட்டு வயல்களைப் பார்த்து வியக்கப் பயணிகள் குவிகிறார்கள். அந்த அழகு நிலைக்க வேண்டுமானால், வாய்க்கால் தண்ணீரில் உழவருக்குள்ள முதல் உரிமையைச் சட்டம் காக்க வேண்டும்.