அடிபட்டு ஆடும் முன்பல்: பிடுங்கியே ஆகணுமா?

திருவந்திபுரம் மலைப்படியில் சறுக்கினாலும், கடலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தாலும் அதிகம் அடி வாங்குவது மேல் முன்பற்கள்தான். வெளியே பல் முழுசாகத் தெரியும். ஈறுக்குள் வேர் முறிந்திருக்கும். ‘ஆடுது, பிடுங்கிடலாம்’ என அவசரப்பட வேண்டாம். நிலைப்பல்லாக இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

எப்படித் தெரியும்?
பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தால்தான் முறிவு உறுதியாகும்.

என்ன சிகிச்சை?
நகர்ந்த பகுதியைப் பழைய இடத்தில் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவார்கள். 4 வாரம் இருக்கும். முறிவு ஈறு ஓரமாக இருந்தால் 4 மாதம் வரை ஆகலாம்.

உடனே ரூட் கேனல் வேணுமா?
முதல் நாளே வேண்டாம் என்கிறது பல் காயங்களுக்கான சர்வதேச சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். அடிபட்ட பல் சில மாதங்கள் உணர்வில்லாமல் இருந்து, பிறகு தேறலாம். நரம்பு செத்தது உறுதியானால், முறிவு வரை மட்டும் ரூட் கேனல் செய்வார்கள்.

வீட்டில் என்ன செய்யணும்?
ஒரு வாரம் இட்லி, குழைந்த சாதம், மென்மையான பிரஷ். கம்பி எடுத்த பிறகும் 5 ஆண்டு பரிசோதனை அவசியம்.

எங்கே போகலாம்?
சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வலி குறைந்துவிட்டதே என்று தள்ளிப்போடாதீங்க.