கடைசியில் உண்பவர்

தில்லையாடி என்றதும் வாசகர்களுக்கு வள்ளியம்மையே நினைவுக்கு வருவார். நான் எழுதுவது இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்திலுள்ள தில்லையடியைப் பற்றி.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 70,000 பேர் வீடிழந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். அவர்கள் குடியேறிய இடங்களுள் தில்லையடியும் ஒன்று.

பல ஆண்டுகளுக்குப் பின் அங்கு சென்றபோது மூதாட்டி ஒருவரிடம், நிவாரணம் போதுமா எனக் கேட்டேன். "அரிசி இருக்குது தம்பி, கறிக்குத்தான் காசு வேணும்" என்றார். அருகே கடல், கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயமும் காய்கறியும் விளைகின்றன. ஆனால் கூலி கிடைக்காத நாளில் மீனும் இல்லை, கீரையும் இல்லை. ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பின் மிஞ்சியதே அவருக்கு. பிள்ளைகளின் நிறையைக் கிளினிக்கில் பார்க்கிறார்கள். திரிபோஷா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உண்டு. இவரை நிறுத்துப் பார்ப்பவர் எவருமில்லை.

அவருடைய பதில் எனக்கு வங்காளத்தை நினைவூட்டியது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் வங்காளம், இலங்கை இரண்டுக்கும் பர்மா அரிசி நின்றது. உணவுக்கு இறக்குமதியையே பெரிதும் நம்பியிருந்த இலங்கையில் அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது. நம் பெற்றோர் பேசிய 'கூப்பன் அரிசி' அதுவே. வங்கக் கிராமங்களுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. 1943 பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர்.

சிறுவயதில் அப்பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில், பஞ்சமில்லாத 1941ஐ விட 1943இல் உணவு இருப்பு குறைவாக இருக்கவில்லை என வாதிட்டார். விலை ஏறியது, கூலி ஏறவில்லை. விவசாயக் கூலிகளும் மீனவரும் வாங்கும் சக்தியை இழந்தனர் என்பது அவர் முடிவு.

2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கடைகளில் அரிசி இருந்தது. கூலிக்காரரின் கைக்கு எட்டவில்லை. களஞ்சியத்தில் எத்தனை மூட்டை என்று கணக்கிடும் அதிகாரிகள், அன்றைய கூலி எவ்வளவு, வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். அந்த மூதாட்டியின் பசி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.