கேக் மேல மினுமினுக்கும் தங்கத்தூள்... டப்பாவைத் திருப்பிப் பார்த்தீங்களா?

பிறந்தநாள், காதுகுத்து, கல்யாண நாள்னு தேனி, கம்பம் பக்கம் எந்த விசேஷமா இருந்தாலும் இப்போ கேக் வந்துடுது. பட்டர்க்ரீம் பூக்கள் மேல லேசா தங்க மினுமினுப்பு இருந்தா, போட்டோவுல அது தனி அழகுதான். அந்த மினுமினுப்பைத் தருவது `லஸ்டர் டஸ்ட்' என்ற பொடி. நீங்களே வீட்டில் கேக் செய்பவரா? பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க.

`நான்-டாக்ஸிக்' வேற, `எடிபிள்' வேற!

டப்பாவில் `நான்-டாக்ஸிக்' என்று மட்டும் இருந்தால், அது சாப்பிடும் பொருள் என்று அர்த்தமில்லை. குழந்தைகளின் கிரேயான் டப்பாவிலும் இதே வார்த்தை இருக்கும். அதுக்காக கிரேயானைச் சாப்பிடக் கொடுப்போமா? `அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாலும் கேக் மேல் தூவக் கூடாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. காரணம், க்ரீமில் சேர்த்திருந்த `ரோஸ் கோல்டு' பொடி. அது உணவுக்கானதே இல்லாத தாமிரத்தூள்!

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* `எடிபிள்' அல்லது `ஃபுட் கிரேடு' என்ற வார்த்தை.

* சேர்மானப் பட்டியல். சர்க்கரை, சோள மாவு, அகேசியா கோந்து, உணவுக்கான மைக்கா, அனுமதிக்கப்பட்ட நிறமிகள் போன்றவை இருக்கலாம். பட்டியலே இல்லையென்றால் வாங்காதீங்க.

* 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண், பேட்ச் எண், காலாவதி தேதி.

லேபிள் இல்லாமல் பொட்டலமாகத் தரும் பொடி, ஃபேன்ஸி ஸ்டோரில் கைவினைக்காக விற்கும் கிளிட்டர் இரண்டும் வேண்டவே வேண்டாம். வெள்ளித்தாள் ஒட்டுவதாக இருந்தால், அதில் வெள்ளியின் தூய்மை 999/1000 இருக்கணும் என்பது நம்ம நாட்டு விதி.

பூசுவது எப்படி?

நம்ம ஊர் வெயிலில் பட்டர்க்ரீம் சீக்கிரம் இளகிடும். இளகின க்ரீமில் பிரஷ் பட்டால் பூவின் இதழ் கலைஞ்சிடும். அதனால், கேக்கை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மேற்புறம் கெட்டியானதும் வேலையை ஆரம்பிங்க. உலர்ந்த, மென்மையான புது பிரஷ்ஷில் சிட்டிகைப் பொடியைத் தொட்டு, அதிகமானதைத் தட்டி உதறிவிட்டு, இதழ் ஓரங்களில் மட்டும் மெதுவா தடவுங்க. தங்க நிறம் எடுப்பா தெரிய, அடியில் இருக்கும் க்ரீம் மஞ்சள் சாயலில் இருப்பது நல்லது.

கோடு, எழுத்து வரையணுமா? பொடியைத் தண்ணீரில் குழைக்காதீங்க. வெண்ணெய் மேல் தண்ணீர் ஒட்டாமல் திட்டுத்திட்டாகிடும். ஆல்கஹால் கலந்த லெமன் எக்ஸ்ட்ராக்ட்டில் சில சொட்டு விட்டுக் குழைத்தால், அது ஆவியாகி நிறம் மட்டும் நிற்கும்.

பொடியை வாயால் ஊதாதீங்க. நுண்ணிய தூள் மூச்சில் போகும் என்பதால் மாஸ்க் போட்டுக்கிட்டு, குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்க.

சின்னமனூரில் செய்த கேக் கூடலூருக்குப் போகணும்னா, கடைசி நேரத்தில் தூவுவதே நல்லது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீங்க. குளிர்ந்த கேக் மேல் வெளிக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிஞ்சு, மினுமினுப்பு கரைஞ்சு வழியும். கொஞ்ச நேரம் மூடியபடியே வெளியில் வெச்சிட்டு அப்புறம் திறங்க.

ஏற்கெனவே கைவினைப் பொடி வாங்கிட்டீங்களா? கேக் மேல் செருகும் அட்டை டாப்பருக்குப் பூசிக்கலாம். அந்தப் பகுதி கேக்கைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

கடையில் ஆர்டர் கொடுப்பவர்களும், ``என்ன பொடி போடுறீங்க? டப்பாவைக் காட்டுங்க'' என்று தயங்காமல் கேளுங்க. முதல் துண்டு குழந்தையின் வாய்க்குத்தானே போகப்போகுது!