மஜ்ஜையில் முளைக்கும் எலும்பு

ஒடிந்த எலும்பு தானே கூடுகிறதே, அதைக் கூட்டுவது எது? மஜ்ஜையை உடலின் வேறிடத்தில் வைத்தாலும் எலும்பு உண்டாகும் என்று 1869-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆய்வாளர் கூஜோன் காட்டினார். சுமார் நூறாண்டு கழித்து, மாஸ்கோவில் பிரீடன்ஸ்டைன் என்பார் பிராணிகளின் மஜ்ஜையைச் சிறுநீரக உறைக்கடியில் வைத்துப் பார்த்தார். எலும்புக்கு வேலையே இல்லாத அவ்விடத்தில் எலும்பு முளைத்தது! கண்ணாடித் தட்டில் ஒட்டிக்கொண்டு பெருகும் மிகச் சில அணுக்களே இதற்குக் காரணம் எனவும் அவர் கண்டார். மஜ்ஜையின் மற்ற அணுக்களில் பெரும்பாலானவை இரத்தத்துக்குரியவை.

பெங்களூரின் பெல்லாரிச் சாலையில் செல்லும் நம்மவர் கிருஷி விஞ்ஞான கேந்திரத்தை அறிவர். அவ்வளாகத்தில் 2009-இல் மத்திய அரசு ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. அதன் பிரிவொன்று நமது வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இயங்குகிறது. ஊர்ப் பெருமை பேச நமக்கு இதுவும் ஒரு சாக்கு!

நிற்க. "எலும்பு வளர்த்துத் தருகிறோம்" என்னும் விளம்பரத்தைக் கண்டு நிலத்தை விற்கத் துணியுமுன் ஒன்றைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வகுத்த நெறிமுறைகள், இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்றவை நீங்கலாகப் பிற ஸ்டெம் செல் சிகிச்சைகளைச் சோதனை நிலையிலேயே வைத்தன. சோதனைக்கு உட்படும் நோயாளியிடம் அதற்கெனக் கட்டணம் வாங்கலாகாது என்பதும் அவற்றில் உண்டு.