யாத்திரிகர் வாக்கும் ஓட்டாஞ்சில்லும்

அன்னிய தேசங்களிலிருந்து நம் நாட்டிற்கு வந்து சென்ற யாத்திரிகர்கள் எழுதிவைத்த குறிப்புக்களை நம்மவர் விந்தையான முறையில் படித்து வருகின்றனர். புகழ்மொழி ஒன்று அகப்பட்டால் அதனைக் குலப்பெருமை கூறும் நூல்களின் முகப்பிலே பொறித்துக்கொள்கின்றனர். இகழ்மொழி அகப்பட்டாலோ, எழுதினவன் நம் வழக்கம் அறியாத அன்னியன் என்று தள்ளிவிடுகின்றனர். ஒருவனையே காலையில் சாட்சியாகவும் மாலையில் பொய்யனாகவும் கொள்வது நியாயஸ்தலத்தில் செல்லாது. சரித்திரத்திலும் செல்லாதென்பதே எமது துணிபு. சங்கத்தாரின் இச்சஞ்சிகைக்கு அன்பர்கள் அனுப்பும் கட்டுரைகளிலும் இம்முறை மலிந்திருத்தலால், இதனைக் குறித்துச் சிறிது விரித்தெழுத முற்பட்டோம்.

குல சரித்திரம் எழுதுவோர் பெரிதும் விரும்பி எடுத்தாளுபவர் மெகஸ்தனிஸ் என்னும் கிரேக்கர். இவர் கி.மு. 300-ஐ ஒட்டிப் பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்த மௌரியனது சபைக்குத் தூதராக வந்தவர். இவர் இயற்றிய 'இண்டிகா' என்னும் நூல் அழிந்துபோயிற்று. ஸ்டிராபோ, டயோடரஸ், ஆரியன் முதலிய பிற்காலத்தார் எடுத்துக் காட்டிய பகுதிகளே நமக்கு எஞ்சியவை. ஞானியர், உழவர், மேய்ப்பர், கைவினைஞர், போர்வீரர், மேற்பார்வையாளர், மந்திரிகள் என இந்திய மக்களை ஏழு பிரிவாக இவர் வகுத்தார். அவற்றுள் ஒன்று தம் குலத்தையே குறிக்குமென்று வாதிப்போர் நாடெங்கும் உளர். ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவில் மணம் செய்யாரென்று அவர் கூறியது மெய்யே. ஆயினும் மேற்பார்வையாளர் என்பதும் மந்திரி என்பதும் உத்தியோகமேயன்றிக் குலமாகா என்பதைச் சற்றே நினைப்போர்க்கு, அவர் தொழிலையும் பிறப்பையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார் என்பது விளங்கும். மேலும் அவர் தமிழகத்தில் காலடி வைத்தவரல்லர். பாண்டிய நாட்டை ஹெராக்ளிஸ் என்னும் தெய்வத்தின் மகள் பண்டையா ஆண்டாளென்றும், அந்நாட்டின் 365 ஊர்களும் நாளைக்கு ஓர் ஊராக அரண்மனைக்குத் திறை செலுத்தினவென்றும் அவர் கூறியது கேள்விச் செய்தி. பொன்னைத் தோண்டியெடுக்கும் பேரெறும்புகளையும், வாயின்றி மணத்தை மோந்தே உயிர்வாழும் மனிதரையும் அதே கேள்வி வாயிலாகவே அவர் உலகிற்கு அறிவித்தார். எறும்பை விலக்கி ஏழு பிரிவை மட்டும் வேதவாக்காகக் கொள்ளுதற்கு நாம் காட்டும் நியாயம் யாது?

நிற்க. யாத்திரிகன் வாக்கு அனைத்தும் பொய்யென்பது எமது கொள்கையன்று. கண்டதைக் கேட்டதினின்றும் பிரித்து, மண்ணும் கல்லும் அதற்கு இசைகின்றனவா என்று பார்த்தல் வேண்டுமென்பதே யாம் கூறுவது. நல்லூரில் இருந்துகொண்டு மண்ணின் சாட்சியைப் பற்றி எழுதுவது எமக்கு எளிது. அண்மையிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் புகைந்து வருதலால், சுட்ட மண்ணின் இயல்பை இப்பக்கத்தார் நன்கறிவர். பானை உடையும், உடைந்த சில்லு எளிதில் அழியாது. ஓலை செல்லரிக்கும், செம்பு உருக்கப்படும், பொன் களவு போகும். ஓட்டாஞ்சில்லை எவரும் திருடுவதில்லை. குப்பையிலே கிடந்து ஈராயிரம் ஆண்டு காத்திருந்து சாட்சி சொல்ல வல்லது அஃதொன்றே.

இதற்குத் தக்க உதாரணம் நமக்கு அருகிலேயே உளது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து தேசத்தைச் சார்ந்த கிரேக்க வணிகர் ஒருவர், செங்கடல் முதல் இந்தியக் கரை வரையுள்ள துறைமுகங்களையும் அங்கங்கு விற்கவும் கொள்ளவும் உரிய சரக்குகளையும் தொகுத்து 'எரித்திரேயக் கடற் பெரிப்ளஸ்' என்னும் கையேட்டை எழுதினார். அவர் பெயர் தெரியவில்லை. நம் கீழ்க்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று பட்டினங்களை அவர் குறிக்கின்றார். இவற்றுள் பொதுகே என்பது புதுச்சேரிப் பக்கமாதல் வேண்டுமென அறிஞர் கருதினர். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை 1945-ஆம் ஆண்டில் வீலர் அகழ்ந்தபொழுது, திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் கொணர்ந்த இருகைச் சாடிகளின் துண்டுகளும், இத்தாலி தேசத்து அரெஸ்ஸோ நகரின் செந்நிற மட்கலச் சில்லுகளும் வெளிப்பட்டன. அச்சில்லுகள் சிலவற்றில் கலம் வனைந்த பட்டறையின் பெயர் முத்திரையிடப்பட்டிருந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் மணிமுத்தாற்றிலே இட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்திலே எடுத்த வரலாற்றை நம் பக்கத்தார் யாவரும் அறிவர். எகிப்திலே ஏட்டிலிட்ட சொல்லை அரிக்கமேட்டிலே மண்ணிலிருந்து எடுத்ததும் ஏறக்குறைய அத்தகையதே. அந்த வணிகர் நம்மைப் புகழவுமில்லை, இகழவுமில்லை. சரக்கின் பெயரையும் துறையின் பெயரையும் எழுதினார். அதனாலேயே அவரை நம்புகின்றோம்.

சீன தேசத்து யுவான் சுவாங்கின் செய்தி இதனினும் நுட்பமானது. இவர் கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிமாநகரை அடைந்தார். அந்நகரின் சுற்றளவையும், நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும், பதினாயிரம் பிக்ஷுக்களையும், மக்களது கல்வி விருப்பத்தையும் பதிந்துள்ளார். இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியிருந்தவர், அங்கிருந்து வந்த பிக்ஷுக்கள் அரசன் இறந்து நாடு கலங்கியதைக் கூறக் கேட்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். ஆகவே இலங்கையைப் பற்றி அவர் எழுதியது கேள்வி. தெற்கேயுள்ள மலகூடத்தைப் பற்றியதும் பெரும்பாலும் கேள்வியே. அம்மலகூடத்தாரைக் கல்வியில் விருப்பமில்லாதவர், ஆதாயத்தையே நாடுபவர் என்று அவர் குறித்ததைக் கண்டு பாண்டிநாட்டன்பர் சிலர் சினங்கொள்வதுண்டு. காஞ்சியிலிருந்தவர் தெற்கேயிருப்போரைப் பற்றிச் சொன்னதை அவர் எழுதினார் என்று கொண்டால் சினத்திற்கு இடமில்லை. அயலூரான் நம்மைப் பற்றி யாது சொல்வான் என்பது நாம் அறியாததன்று! இனி, 'சூளியே' என அவர் குறித்த நாடு மக்கள் குறைந்து, காடு மண்டி, கள்வர் திரியும் இடமாகக் காட்டப்படுகின்றது. இதனைக் காவிரிச் சோணாடென்று பொருள்கொண்டு மயங்கினோர் உளர். தான்யகடகத்திற்கும் காஞ்சிக்கும் இடையே அவர் அதனை வைத்திருத்தலால், அது கடப்பைப் பக்கத்துத் தெலுங்கச் சோழரின் நாடே என்று பின்னர் ஆராய்ந்தோர் தெளிந்தனர். யாத்திரிகர் பிழைபடவில்லை, படித்தவரே பிழைபட்டனர்.

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்டு, 1298-இல் ஜெனோவா நகரச் சிறையில் உடனிருந்த ருஸ்டிச்செல்லோ என்னும் கதாசிரியரைக் கொண்டு தம் பிரயாணத்தை எழுதுவித்தார். கதை எழுதுவோன் கைப்பட்ட நூலாதலின் அதில் கதைச்சுவையும் ஏறியுள்ளது. ஆயினும் சிறு வழக்கங்களை அவர் கண்ட கண் கூரியது. இந்நாட்டார் வலக்கையாலேயே உண்பர், பாத்திரத்தை உதட்டிற் படாமல் தூக்கி நீர் பருகுவர், வெற்றிலை மெல்லுவர் என்பன அவர் குறித்தவை. நாடு முழுவதும் தையற்காரனே இல்லையாம். மேலாடை தைத்தணிவாரில்லாத நாட்டில் அவனுக்கு வேலை ஏது? கடன்பட்டவனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் தரையில் வட்டம் வரைந்துவிட்டால், தீர்க்காமல் அவன் அக்கோட்டைக் கடக்கலாகாதென்றும், அரசனே ஒருமுறை அவ்வாறு நின்று அயல்நாட்டு வணிகனுக்குக் கடன் தீர்த்ததைத் தாம் கண்டதாகவும் கூறுகின்றார். ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் கடல்வழி வந்தும், பேணத் தெரியாமல் சோற்றையும் இறைச்சியையும் ஊட்டியதால் பெரும்பாலன மடிந்தன என்பது அவர் சாற்றிய குற்றம். புகழ் வேண்டுவோர் இதனையும் உடன் படித்தல் கடன். அவர் கூறிய காயல் துறையைக் கால்டுவெல் ஐயர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தேடியபோது, மண்ணிலே சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டு 1877-இல் எழுதினார். பிற்காலத்தில் இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்திலும் அத்தகைய சீனச் சில்லுகள் மிகுதியாகக் கிடைத்தன. இங்கும் ஓட்டாஞ்சில்லே சாட்சி.

இனி, நமக்கு மிக அணித்தாக வந்த ஒருவரைக் கூறுவோம். நல்லூரைத் தழுவிச் செல்லும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றிற் கலக்கின்றது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. அவ்வெள்ளாற்று முகத்தில், செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஒரு புதுப்பட்டினம் அமைத்துவந்த காலத்தில், இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமெந்தா என்னும் போர்த்துக்கேசியப் பாதிரியார் 1597-இல் இப்பகுதியிற் பிரயாணம் செய்தார். சிதம்பரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதித் திருப்பணியை நாயக்கர் முன்னின்று நடத்தியதையும், அதனைத் தடுக்க இயலாத கோயிலார் கோபுரத்தினின்று வீழ்ந்து உயிர் துறந்ததையும், தாம் புறப்பட்ட நாள்வரை இருபதின்மர் மாண்டனர் என்பதையும், நாயக்கரின் ஆட்கள் சுட்டதில் இருவர் இறந்ததையும் அவர் எழுதியுள்ளார். பழைய சைவ வைணவப் பூசலைக் கிளறுதற்கு யாம் இதனைச் சொல்லவில்லை. இரு சமயத்தையும் மூடபக்தியென எண்ணிய மூன்றாம் சமயத்தார் ஒருவர் எழுதியதை எவ்வளவு கொள்ளலாம் என்பதே வினா. 1539-இல் அச்சுததேவராயர் அப்பெருமாளை அங்கு மீண்டும் பிரதிஷ்டை செய்வித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. ஆகவே வழக்கின் மூலம் கல்லோடு பொருந்துகின்றது. இறந்தோர் தொகை பாதிரியாரின் வாக்கோடு நிற்கின்றது. அதனை அவ்வாறே எழுதிவைத்தல் வேண்டும், கூட்டலும் குறைத்தலும் ஆகா.

பின்னர் அவர் செஞ்சிக்குச் சென்றார். இந்தியாவில் தாம் கண்டவற்றுள் அதுவே மிகப் பெரிய நகரமென்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லில் அதனை ஒப்பது இல்லையென்றும் வியந்தார். நாயக்கர் பட்டுக் கம்பளத்தின்மேல் இரு திண்டுகளிற் சாய்ந்து, மார்பிலே முத்தும் மணியும் இழைத்த ஆரம் தவழ வீற்றிருந்தார். விருந்தினருக்கு வெற்றிலை அளித்தபோது அவர்கள் மெல்லாதிருந்ததைக் கண்டு நாயக்கர் வியப்புற்றாராம். அயலான் நம்மைக் கண்டு வியந்ததைப் பல நூல்களிற் படிக்கின்றோம்; நாம் அயலானைக் கண்டு வியந்ததை எழுதியவரோ மிகச் சிலர். அவ்வொரு வரிக்காகவே பிமெந்தாவின் கடிதம் எமக்கு இனிதாகின்றது. இன்று பாழ்பட்ட செஞ்சிக் கோட்டையின் மதில்களைக் கண்டோர், அவரது முதல் வியப்பு மிகையென்று சொல்லார்.

நம்மவர் கடல் கடக்கவில்லையா எனின், கடந்தனர். 1077-இல் சோழநாட்டுத் தூதர் 72 பேர் சீனப் பேரரசனைக் கண்டனர். அதனை எழுதியவர் சீனர். 1088-இல் சுமத்திராவிலே பாரூஸ் அருகே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழ்க் கல்வெட்டு நிறுத்தினர். 1281-இல் சீனத்துச் சுவாஞ்சௌ நகரில் தமிழர் சிவாலயம் எடுப்பித்துப் பொறித்த கல்லில் தமிழ் வரிகளின் கீழே சீன எழுத்தும் உண்டு. கல்லிலும் ஒன்று கவனித்தற்குரியது. 1409-ஆம் ஆண்டிட்டுச் சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையில் நிறுத்திய கல் 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனமொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றி, ஏறக்குறைய ஒரே வகைக் காணிக்கையைக் கூறுகின்றன. படிப்போன் யாரென்று அறிந்தே யாத்திரிகன் எழுதுகின்றான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

வணிகர் எழுதிய கணக்கோலைகள் செல்லுக்கு இரையாயின. கடல் கடந்தோனைச் சாதிக்குப் புறம்பாக்கிய காலத்தில், சென்று வந்தவன் தன் பிரயாணத்தை எழுதி ஊரறியச் செய்வானா? மறைக்கவே முயல்வான். இத்தடையை விதித்தவர்களுள் எல்லாக் குலத்துப் பெரியோரும் இருந்தனர், நம்மவரும் விலக்கல்லர். நிலவழி யாத்திரைக்குத் தடையில்லாமையால் அதில் நூல்கள் முந்தித் தோன்றின. சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி ஐயர் 1830, 1831-ஆம் ஆண்டுகளில் காசி சென்று மீண்டு தெலுங்கில் எழுதியது 1838-இல் அச்சேறியது. தமிழில் கோயமுத்தூர் நரசிம்மலு நாயுடுவின் 'ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்' 1889-இல் வெளிவந்தது. ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940-இல் தோன்றிற்று.

குலப்பெருமைக்கு மெகஸ்தனிஸைத் தேடும் அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரணையும் ஒருமுறை தேடுவார்களாக. காசிக்கும் இராமேசுவரத்திற்கும் சென்ற பாட்டனாரின் செலவுக் குறிப்பு, பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனவர் அனுப்பிய கடிதம், தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஏழையின் சீட்டு ஆகியன எங்கேனும் இருத்தல் கூடும். புறப்பட்ட நாள், தங்கிய சத்திரம், கொடுத்த கூலி, கண்ட விலைவாசி என்பன உள்ளபடியே இருக்க, ஒரு சொல்லையும் திருத்தாமல் படியெடுத்து அனுப்பினால், இச்சஞ்சிகையில் மாதம் ஒன்றாக வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.