1977 ஸ்டார் வார்ஸ் எங்கே போச்சு?

இன்னிக்கு எபிசோட் ஒரு துப்பாக்கிச் சூட்டுல ஆரம்பிக்குது.

ஸ்டார் வார்ஸ் முதல் படம். மோஸ் ஐஸ்லின்னு ஒரு ஊர், அங்கே ஒரு பார். ஹான் சோலோ உட்கார்ந்திருக்கார். எதிர்ல கிரீடோன்னு ஒரு பச்சைத் தோல் ஆசாமி, கையில துப்பாக்கி. கடன் பாக்கிக்காக ஹானைப் பிடிச்சுட்டுப் போக வந்தவன். பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஹான் மேசைக்கு அடியில தன் துப்பாக்கியை மெதுவா உருவுறார். ஒரே சுடு. புகை. கிரீடோ மேசை மேலே சாயுறான். ஹான் எழுந்து, கடைக்காரருக்கு ஒரு காசைத் தூக்கிப் போட்டுட்டு நடையைக் கட்டுறார்.

1977 மே மாசம் அமெரிக்கத் தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவங்க பார்த்தது இதுதான். 1997ல் வந்த 'ஸ்பெஷல் எடிஷன்'ல கிரீடோ முதல்ல சுடுறான். ஒரு மேசை தூரத்துல இருந்து சுட்டும் குறி தப்புது, அதுக்கப்புறம்தான் ஹான் சுடுறார். 2004 டிவிடியில ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சுடுறாங்க. 2019ல் டிஸ்னி பிளஸ்ல வந்தப்போ, கிரீடோ சாகுறதுக்கு முன்னாடி 'மக்ளங்கி'ன்னு ஒரு வார்த்தை வேற சேர்ந்துடுச்சு.

சில விநாடி மாற்றம்தான். இதுக்குப் போய் உலகம் பூரா ரசிகர்கள் இத்தனை வருஷமா சண்டை போடணுமான்னு கேட்கலாம். அந்தப் பாத்திரத்தை யோசிச்சுப் பாருங்க. ஹான் முதல் பாதியில சுயநலக்காரன், காசுக்குத்தான் வேலை செய்வான். கடைசியில லூக்கைக் காப்பாத்தத் திரும்பி வர்றான். முதல்ல கூசாம சுட்டவன் திரும்பி வந்தால்தான் அந்தத் திரும்பலுக்கு எடை. தற்காப்புக்காக மட்டும் சுட்ட நல்ல பையன் திரும்பி வந்தா அதுல என்ன பெரிய ஆச்சரியம்?

ஆனா இன்னிக்கு நான் பேச வந்தது யார் முதல்ல சுட்டாங்கன்னு இல்லை. நான் பிறந்ததே அந்த ஸ்பெஷல் எடிஷன் வந்த வருஷம். அதாவது, என் வயசுக்காரங்க யாரும் 1977 படத்தைக் கடைக்குப் போய் நல்ல தரத்துல வாங்கிப் பார்த்தது கிடையாது. ஒரு தலைமுறையோட சினிமாவையே மாத்திப் போட்ட படம்னு எல்லாப் புத்தகமும் சொல்லுது. அந்தப் படம் நம்ம கைக்கு எட்டவே இல்லை. அது எப்படி நடந்துச்சு?

முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடுவோம். 1997க்கு முன்னாடி எல்லாம் அப்பழுக்கில்லாம இருந்துச்சுன்னு கிடையாது. படத்தோட தொடக்கத்துல மேலே ஏறிப் போகுமே மஞ்சள் எழுத்து, அதுல 'எபிசோட் 4'ங்கிற வரி 1977ல் இல்லை. 1981 மறுவெளியீட்டுலதான் சேர்ந்துச்சு. வீட்டு வீடியோ வந்தப்போ கதை இன்னும் வேடிக்கை. ஒரு லேசர்டிஸ்க்ல பக்கத்துக்கு ஒரு மணி நேரம்தான் பிடிக்கும். படம் 121 நிமிஷம். என்ன பண்ணினாங்க தெரியுமா? 1982 லேசர்டிஸ்க்ல படத்தையே கொஞ்சம் வேகமா ஓட விட்டு ஒரே தட்டுல அடைச்சுட்டாங்க. நாம இன்னிக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை வேகமா ஓட விடுறோமே, அந்த மாதிரி! வீடியோ கேசட்டுல டிவியோட சதுரத்துக்குப் பொருந்தணும்னு அகலமான ஃபிரேமோட ரெண்டு பக்கத்தையும் வெட்டினாங்க. இதெல்லாம் மாற்றம்தான். ஆனா அந்தக் காலத்துல மூல நெகட்டிவ் பத்திரமா ஒரு இடத்துல இருந்துச்சு. கெட்டது பிரதிதான், மூலம் இல்லை.

1997ல் கை வைச்சது மூலத்துலயே.

1990களின் நடுவுல, 20வது ஆண்டு மறுவெளியீட்டுக்காக நெகட்டிவை எடுத்துப் பார்த்தாங்க. நிலைமை மோசம். அழுக்கு ஏறியிருந்தது, நிறம் மங்கியிருந்தது. குறிப்பா, எஃபெக்ட்ஸ் ஷாட்கள் சிலதுக்குப் பயன்படுத்தின ஒரு வகை ஃபிலிம் ரொம்பவே வெளுத்துப் போயிருந்தது. அதைக் கழுவி, சுத்தம் பண்ணி, பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தது நிஜமாவே பெரிய வேலை. அந்த ரெஸ்டோரேஷன் குழுவை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா அதே கையோட, புதுசா கம்ப்யூட்டர்ல செஞ்ச ஷாட்களை அந்த நெகட்டிவ்லயே ஒட்டினாங்க. பழைய துண்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. நம்ம பாஷையில சொன்னா, தனி பிராஞ்ச் போடாம நேரா மெயின் பிராஞ்ச்ல ஃபோர்ஸ் புஷ்.

வெளியே போன அந்தத் துண்டுகள்ல என்ன இருந்துச்சுன்னு கொஞ்சம் நிதானமா பார்க்கணும். 1977ல் ஒரு விண்வெளிச் சண்டை ஷாட் எடுக்கணும்னா, கப்பலோட மாடலைத் தனியா, நட்சத்திரங்களைத் தனியா, லேசர் ஒளியைத் தனியா எடுத்து, ஆப்டிகல் பிரிண்டர்ங்கிற மெஷின்ல ஒண்ணு மேல ஒண்ணா மறுபடி படம்பிடிக்கணும். ஒவ்வொரு தடவை மறுபடி எடுக்கும்போதும் தரம் ஒரு படி இறங்கும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. அதைச் சமாளிக்க ஐஎல்எம் குழு, கிட்டத்தட்ட கைவிடப்பட்டிருந்த விஸ்டாவிஷன் கேமராக்களைத் தேடிப் பிடிச்சாங்க. அதுல ஃபிலிம் கிடைமட்டமா ஓடும், ஒரு ஃபிரேமோட பரப்பு ரெண்டு மடங்குக்கும் மேல. தரம் இறங்கினாலும் தாங்கும். கேமராவோட அசைவைப் பதிஞ்சு வைச்சு, அதே அசைவை அச்சு பிசகாம திரும்பத் திரும்பச் செய்ய ஒரு கருவியைத் தாங்களே கட்டினாங்க. ஜான் டைக்ஸ்ட்ராவோட பேர்ல அதுக்கு டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ்னு பேர். இந்த வேலைக்கு டைக்ஸ்ட்ராவும் சக கலைஞர்களும் ஆஸ்கார் வாங்கினாங்க. படத்துக்கு எடிட்டிங் ஆஸ்காரும் கிடைச்சுது. பால் ஹிர்ஷ், மார்சியா லூகாஸ், ரிச்சர்ட் சூன்னு மூணு பேருக்கு. அந்தப் பரிசு வாங்கின வேலையில ஒரு பகுதியைத்தான் 20 வருஷம் கழிச்சு மேலே வேற ஷாட் போட்டு மூடினாங்க.

எல்லா மாற்றமும் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது படத்துல பனிப்போர் காட்சிகள்ல விமானத்தோட காக்பிட் சட்டம் வழியா பின்னணி தெரியும். அதைச் சரிபண்ணினதுல நியாயம் இருக்கு. ஆனா ஜாபா சீனைப் பாருங்க. 1976ல் ஜாபாவா ஒரு மனுஷ நடிகரை வைச்சு எடுத்த காட்சி அது, படத்துல சேர்க்கலை. 1997ல் அந்த நடிகர் மேலே கம்ப்யூட்டர் ஜாபாவை ஒட்டிச் சேர்த்தாங்க. ஒரு சிக்கல்: அப்போ ஹாரிசன் ஃபோர்டு அந்த நடிகருக்குப் பின்னாடி சுத்தி நடந்துட்டார். புது ஜாபாவுக்கோ நீளமா வால் இருக்கு. அதனால ஹானை டிஜிட்டலா தூக்கி, வால் மேல ஏறி மிதிச்சுட்டுப் போற மாதிரி பண்ணினாங்க. பார்த்தா, புரொடக்‌ஷன்ல விழுந்த பக்கை 'ஃபீச்சர்'னு சொல்லிச் சமாளிச்ச மாதிரியே இருக்கும். ஜாபா கேட்கிற அதே கடனைத்தான் கொஞ்சம் முன்னாடி கிரீடோவும் கேட்டான். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேட்கிறோம்.

2004 டிவிடியில இன்னும் தூரம் போனாங்க. இரண்டாவது படத்துல பேரரசரோட முகமும் குரலும் வேற ஆளோடது, அங்கே இயன் மெக்டியார்மிட் வந்தார். மூன்றாவது படத்தோட முடிவுல ஆவியா நின்ன செபாஸ்டியன் ஷாவை எடுத்துட்டு ஹேடன் கிறிஸ்டென்சனை வைச்சாங்க. இங்கேதான் எனக்கு உறுத்துது. அந்த ரெண்டு படத்தையும் இயக்கினது ஜார்ஜ் லூகாஸ் இல்லை. இரண்டாவதை இயக்கினவர் இர்வின் கெர்ஷ்னர். மூன்றாவதை இயக்கின ரிச்சர்ட் மார்க்வாண்ட் 1987லயே இறந்துட்டார்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1988 மார்ச். டெட் டர்னர் எம்ஜிஎம் படங்களோட உரிமையை வாங்கி, கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் அடிச்சுக்கிட்டிருந்த நேரம். அமெரிக்க செனட் குழு முன்னாடி ஒரு இயக்குநர் சாட்சி சொல்ல வர்றார். லாபத்துக்காகக் கலைப்படைப்பைச் சிதைக்கிறவங்க காட்டுமிராண்டிகள்னு சொல்றார். நாளைக்குத் தொழில்நுட்பம் வளர்ந்தா நடிகர்களை எடுத்துட்டுப் புது முகங்களை வைப்பாங்க, வசனத்தை மாத்துவாங்க, உரிமை வைச்சிருக்கிறவங்க இஷ்டத்துக்குப் புதுசா ஒரு 'ஒரிஜினல்' நெகட்டிவையே உருவாக்குவாங்கன்னு எச்சரிக்கிறார். கலாச்சார வரலாற்றைத் திருத்தி எழுத விடக்கூடாதுன்னும் சொல்றார்.

அந்த இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ்.

இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். எனக்கும் வந்துச்சு. ஆனா அவர் பக்கத்தையும் நேர்மையா வைக்கணும். அன்னிக்கு அவரோட கோபம், படைச்சவனைக் கேட்காம உரிமையாளர் மாத்துறதைப் பத்தி. தன் படத்தைத் தானே மாத்துறது அந்தக் கணக்குல வராதுன்னு அவர் நினைச்சிருக்கலாம். 1977ல் காசும் நேரமும் இல்லாம அரைகுறையா விட்டதை முடிச்சிருக்கேன், நீங்க காதலிச்சது முடியாத படத்தைங்கிற மாதிரி பின்னாடி பேட்டியில சொன்னார். ஒரு டெவலப்பரா எனக்கு அது புரியுது. பழைய கோடைத் திறந்து பார்த்தா கை பரபரக்கும். ஆனா திருத்துறது வேற, பழைய வெர்ஷனை யாரும் பார்க்கக்கூடாதுன்னு பூட்டுறது வேற. நான் எதிர்க்கிறது இரண்டாவதை.

ஏன்னா மத்தவங்க பூட்டாம செஞ்சு காட்டியிருக்காங்க. ரிட்லி ஸ்காட்டோட பிளேட் ரன்னர், 1982. தயாரிப்புத் தரப்பு நெருக்கி, கதாநாயகன் குரல்ல விளக்கமும் ஒரு சந்தோஷ முடிவும் ஒட்ட வைச்சுது. அந்த முடிவுல வர்ற மலைக்காட்சி, குப்ரிக் தி ஷைனிங் படத்துக்கு எடுத்து மிச்சம் வைச்சது! 1992ல் டைரக்டர்ஸ் கட், 2007ல் ஃபைனல் கட். ஃபைனல் கட்டுல ஸ்டண்ட் கலைஞர் தெரிஞ்ச இடத்துல நடிகை ஜோவன்னா காசிடியோட முகத்தைப் புதுசா எடுத்து ஒட்டினாங்க. லூகாஸ் செஞ்சதுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்ச மாற்றம் இல்லை. ஆனா 2007 பெட்டியில ஐந்து வடிவமும் ஒண்ணா வந்துச்சு, யாருக்கும் கோபம் வரலை. ஸ்பீல்பெர்க் 2002ல் இ.டி. படத்துல போலீஸ் கையில இருந்த துப்பாக்கிகளை எடுத்துட்டு வாக்கி டாக்கி வைச்சார். அப்புறம் அதைச் செஞ்சிருக்கவே கூடாதுன்னு வெளிப்படையா சொல்லி, 2012 ப்ளூ-ரேயில பழைய படத்தையே கொடுத்தார்.

ஸ்டார் வார்ஸுக்கு அந்த மாதிரி கிடைச்சது ஒரே ஒரு தடவை. 2006ல் பழைய வடிவத்தைக் கூடுதல் டிஸ்க்கா கொடுத்தாங்க. ஆனா புதுசா ஸ்கேன் பண்ணலை. 1993 லேசர்டிஸ்க்குக்காகச் செஞ்ச மாஸ்டரையே தூக்கிப் போட்டாங்க. அகலத் திரை டிவியில போட்டா நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவுல சின்னதா படம்.

அப்போதான் ரசிகர்கள் தாங்களே இறங்கினாங்க. செக் குடியரசு ரசிகர் ஒருத்தர் ப்ளூ-ரேயை அடிப்படையா வைச்சு, மாத்தின இடங்கள்ல மட்டும் 2006 டிஸ்க், பழைய ஃபிலிம் ஸ்கேன்னு கிடைச்சதையெல்லாம் இழைச்சு 'டிஸ்பெஷலைஸ்டு எடிஷன்' செஞ்சார். இன்னொரு குழு வேற வழியில போச்சு. 1977ல் தியேட்டர்ல ஓடின டெக்னிகலர் பிரிண்ட்டையே 4கே தரத்துல ஸ்கேன் பண்ணி, கீறல்களைத் துடைச்சு, 2018ல் '4கே77'ங்கிற பேர்ல முடிச்சாங்க. டெக்னிகலர் ஏன் முக்கியம்னா, சாதாரண பிரிண்ட்ல நிறம் ரசாயன மாற்றத்துல ஃபிலிமுக்குள்ளேயே உருவாகும், வருஷம் போகப் போக வெளுத்து எல்லாம் சிவப்பா மாறிடும். டெக்னிகலர்ல சாயத்தைத் தனியா அச்சடிப்பாங்க, அதனால அது மங்காது.

சட்டப்படி இது காப்புரிமை மீறல்தான், அதுல சுத்தி வளைக்க ஒண்ணுமில்லை. ஆனா முரணைப் பாருங்க. பாதுகாக்கவேண்டிய படங்கள்னு அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989ல் தேர்ந்தெடுத்த முதல் 25ல் ஸ்டார் வார்ஸும் ஒண்ணு. அந்தப் பதிவேடு உருவானதே 1988ல் வந்த திரைப்படப் பாதுகாப்புச் சட்டத்தால, அதாவது லூகாஸ் பேசின அதே சண்டையோட விளைவா. 1977 காப்புரிமைப் பதிவுக்காகக் கொடுத்த பிரிண்ட் ஒண்ணு காங்கிரஸ் நூலகத்துல இருக்கு. வாஷிங்டன் பக்கம் போக முடிஞ்ச ஆராய்ச்சியாளர் பார்க்கலாம். போக முடியாதவங்களுக்கு, ரசிகர்கள் செஞ்ச திருட்டுப் பிரதி.

சமீபத்துல காத்து கொஞ்சம் மாறியிருக்கு. 2025 ஜூன்ல லண்டன்ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தன் ஃபிலிம் திருவிழாவை 1977 டெக்னிகலர் பிரிண்ட்டோட தொடங்குச்சு. லூகாஸ்ஃபிலிம் தலைவரா இருந்த கேத்லீன் கென்னடியே வந்து அறிமுகம் செஞ்சார். படத்துக்கு 50 ஆகிற 2027ல், 1977 வடிவத்தையே புதுப்பிச்சுத் தியேட்டருக்குக் கொண்டுவர்றதா நிறுவனம் அறிவிச்சிருக்கு.

எனக்கு ஒரு கேள்வி பாக்கி. 1977ல் ஒரே ஒரு ஒலிக்கலவை இல்லை. பெரிய தியேட்டருக்கு ஆறு டிராக்ல ஒண்ணு, ஸ்டீரியோவுல ஒண்ணு, சின்ன ஊர் தியேட்டருக்கு மோனோவுல ஒண்ணு. மோனோவுல பெரு அத்தைக்கு வேற குரல். டெத் ஸ்டார் துரத்தல்ல, கதவை மூடச் சொல்லி ஒரு வீரன் கத்துற வசனம் மோனோவுல இருக்கு, அப்போதைய ஸ்டீரியோவுல இல்லை. ஒரே வாரத்துல ஒரே படத்தைப் பார்த்த ரெண்டு ஊர்க்காரங்க ரெண்டு விதமா கேட்டிருக்காங்க. 2027ல் டிக்கெட் எடுத்து உட்கார்ந்ததும் நான் முதல்ல கவனிக்கப் போறது கிரீடோவை இல்லை, பெரு அத்தையோட குரலை.