பாவா ஆதம் மலையில் ஒளிந்திருந்த தவளை



நம்ம மூத்தவர்கள் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாத மலையில் 1344 இல் இப்னு பதூதா ஏறினார். அங்கே அட்டை கடிப்பதையும், அதன் மேல் தேசிக்காய் பிழிவதையும் எழுதிவைத்தார். தவளைகளைப் பற்றி எழுத ஆள் வர இன்னும் ஐந்நூறு வருடம் சென்றது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கெலார்ட். இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர். 1853 இல் மலைநாட்டுத் தவளை ஒன்றை விவரித்தார். உடம்பில் நட்சத்திரம் போலப் புள்ளிகள், அதனால் 'ஸ்டெல்லாட்டஸ்' என்று பெயர். பிறகு அதை யாரும் காணவில்லை. அவர் பாதுகாத்த மாதிரியும் தொலைந்துவிட்டது.

இதற்கிடையில் கோப்பிக்கும் தேயிலைக்கும் காடுகள் வெட்டப்பட்டன. இந்த வகைத் தவளைக்குக் குளம் தேவையில்லை. வாலோடு நீந்தும் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளிவரும். ஆனால் காட்டின் ஈரம் காய்ந்தால் முட்டை தப்பாது. ஆகவே 'அழிந்துவிட்டது' என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள்.

2009 இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு அந்த மலைக்காட்டில் அதை உயிரோடு கண்டது. 2013 இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. 1872 இல் குந்தர் பெயரிட்ட கண்டிக் குள்ளத் தேரையும் அதே காட்டில் மீண்டும் கிடைத்தது. வகுப்பில் 'அழிந்தவை' என்று கரும்பலகையில் எழுதும்போது இப்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது.

எல்லாம் திரும்பக் கிடைக்கவில்லை. இதே குடும்பத்துத் தவளைகளில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் நூதனசாலைப் போத்தல்களில் மட்டுமே இருக்கின்றன.